சீன டீ மேசை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: குட்டிக் குடுவை, விரலளவு கோப்பை வைத்து டீ ஊற்றும் கொங்ஃபூ எனும் சீன முறை ஆயிரம் ஆண்டுப் பழமையானது என்கிறார்களே, உண்மையா?

டீ குடிப்பது பழசு. இந்த முறை அவ்வளவு பழசு இல்லை. எட்டாம் நூற்றாண்டில், தாங் வம்சக் காலத்தில் லூ யூ எழுதிய தேயிலை நூல் சொல்லும் செய்முறையே வேறு. அச்சில் அழுத்திய தேயிலைக் கட்டியை நெருப்பில் வாட்டி, இடித்துச் சலித்து, உப்புப் போட்ட கொதிநீரில் காய்ச்ச வேண்டும். அடுத்து வந்த சோங் காலத்தில், பொடியைக் கிண்ணத்தில் இட்டு வெந்நீர் விட்டு, மூங்கில் துடுப்பால் நுரை பொங்க அடித்தார்கள். வெண்ணுரை எடுப்பாகத் தெரியும் என்பதால் ஃபூஜியானின் ஜியான் சூளைகளில் சுட்ட கறுப்புக் கிண்ணங்களுக்கு ஏக மவுசு. ஜப்பானியர் இன்றும் மாட்சா எனும் தேயிலைப் பொடியை அடித்துக் குடிப்பது இதன் தொடர்ச்சிதான்.

திருப்பம் 1391இல் வந்தது. கப்பமாக வரும் தேயிலை இனிக் கட்டியாக வேண்டாம், உதிரி இலையாகவே வரட்டும் என்று மிங் பேரரசர் ஹோங்வூ ஆணையிட்டார். இலையை ஊறவைத்து வடிக்கும் பழக்கம் ஊன்றியது, யிஷிங் ஊரின் மண்குடுவைகள் பேர்பெற்றது எல்லாம் அதற்குப் பிறகுதான். 1786இல் வூயி மலைக்குப் போன கவிஞர் யுவான் மெய், அக்ரூட் கொட்டை அளவுக் கோப்பைகளில் தமக்கு டீ கொடுத்ததை எழுதி வைத்திருக்கிறார். நீங்கள் கேட்கும் கொங்ஃபூ முறை, ஊலாங் (பச்சைத் தேயிலைக்கும் கறுப்புத் தேயிலைக்கும் இடைப்பட்ட வகை) விளையும் ஃபூஜியான், அதை ஒட்டிய குவாங்டோங்கின் சாவ்ஜோவ் வட்டாரத்துச் சொத்து. வீடியோக்களில் பார்க்கும் நெட்டையான வாசனைக் கோப்பையோ இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தைவானில் சேர்ந்த சரக்கு. அதைப் பழைய மரபு என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம்.

கேள்வி: 100 மில்லி கிண்ணத்தில் 7 கிராம் ஊலாங் போட்டு ஒரு நிமிடம் ஊறவிட்டேன். வாயில் வைக்க முடியாத கசப்பு. இலையைக் குறைக்கவா?

இலை அளவு சரி. தப்பு நேரத்தில்தான். இலை நிறைய, தண்ணீர் கொஞ்சம், நேரம் மிகக் கொஞ்சம்: இந்த மூன்றும் சேர்ந்தால்தான் இது கொங்ஃபூ. ஒன்றை மட்டும் பெரிய கெட்டில் கணக்கில் வைத்தால் கஷாயமாகிவிடும்.

முதலில் வெறும் பாத்திரத்தில் கொதிநீர் விட்டுச் சுழற்றிக் கொட்டுங்கள். பாத்திரம் ஆறிக் கிடந்தால் ஊற்றும் தண்ணீரின் சூட்டை அதுவே குடித்துவிடும், மணம் எழாது. பிறகு இலை. சாவ்ஜோவில் இதைக் கொட்ட மாட்டார்கள், அடுக்குவார்கள்: பெரிய இலைகள் அடியிலும் மூக்குப் பக்கமும், தூள் நடுவில், மேலே மறுபடி முழு இலை. தூள் மூக்கை அடைத்தால் வடிய நேரமாகும், அந்த நேரத்தில் கசப்பு இறங்கிவிடும். தியேகுவான்யின் போன்ற உருண்டை இலை 7 கிராம் போட்டால் அடியை மட்டும் மறைக்கும். குறைவு என்று எண்ணி இன்னும் அள்ளிப் போடாதீர்கள். மூன்றாவது ஊறலில் மூடியைத் தூக்குமளவு விரிந்துவிடும்.

கொதித்த தண்ணீரைச் சற்று உயரத்திலிருந்து, நடுவில் அல்லாமல் ஓரமாகச் சுற்றி ஊற்றுங்கள். எழும் நுரையை மூடி விளிம்பால் வழித்து, ஐந்து விநாடிக்குள் அந்த நீரை வடித்துக் கோப்பைகளைக் கழுவிக்கொள்ளுங்கள். அடுத்து வருவதுதான் குடிக்கும் டீ. முதல் ஊறலும் இரண்டாவதும் ஐந்திலிருந்து பத்து விநாடி. மூன்றாவதிலிருந்து ஒவ்வொன்றுக்கும் ஐந்து விநாடி கூட்டலாம். நல்ல ஊலாங் ஏழெட்டு முறை தாங்கும்.

வடிப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கோப்பைகளை விளிம்போடு விளிம்பு ஒட்டி வைத்து, குடுவையைத் தாழ்த்தி, ஒன்றை நிரப்பி அடுத்ததற்குப் போகாமல் வட்டமாகச் சுற்றி ஊற்ற வேண்டும். கடைசிச் சொட்டுகள்தான் மிகத் திடம். அவற்றை ஒவ்வொரு கோப்பைக்கும் சொட்டுச் சொட்டாகப் பங்கிட வேண்டும். முன்னதைக் குவான் யூ நகர்வலம் என்றும், பின்னதை ஹான் ஷின் படை எண்ணுவது என்றும் தங்கள் தளபதிகள் பெயரால் குறிக்கிறார்கள். அடியில் இரண்டு ஸ்பூன் தேங்கினாலும் அது அடுத்த ஊறல் வரை இலையோடு கிடந்து சாறு இறங்கும். நேரத்தைச் சரியாக எண்ணியும் கசக்கிறது என்பவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.

அப்படியும் கசந்தால் நேரத்தைக் குறையுங்கள், பிறகு இலையை ஒரு கிராம் குறையுங்கள். வறுத்த ஊலாங்குக்குத் தண்ணீர்ச் சூட்டைக் குறைப்பது கடைசி வழி, மணம் மழுங்கிப்போகும். பச்சைத் தேயிலை வேறு கதை, அதற்கு 75 முதல் 80 டிகிரி போதும்.

கேள்வி: கய்வான் எனும் மூடிக் கிண்ணத்தைப் பிடித்தாலே விரல் சுடுகிறது. எப்படிச் சமாளிப்பது?

விளிம்பு வரை ஊற்றுகிறீர்கள். வெளிப்பக்கம் விரியத் தொடங்கும் இடத்துக்குக் கீழேயே நிறுத்துங்கள். கட்டைவிரலும் நடுவிரலும் விளிம்பின் நுனியில் மட்டும், ஆள்காட்டி விரல் மூடிக் குமிழில். மூடியை இலை வெளியேறாத அளவு சாய்த்து, தயங்காமல் ஒரே கவிழ்ப்பு. மெல்லச் சாய்த்தால்தான் ஆவி விரலில் அடிக்கும். விளிம்பு நேராக நிற்கும் கிண்ணத்தை வாங்காதீர்கள்.

கேள்வி: தொடக்கத்திலேயே யிஷிங் குடுவை வாங்கலாமா?

வேண்டாம், பீங்கான் போதும். யிஷிங் மண்ணுக்கு மெருகுப் பூச்சு கிடையாது, மணத்தை உறிஞ்சும். அதனால் ஒரு குடுவைக்கு ஒரு வகைத் தேயிலைதான். எந்த வகை உங்களுக்குப் பிடிக்கும் என்று தெரியாமல் வாங்கி என்ன பயன்? பிறகு வாங்கும்போது, தண்ணீர் நிரப்பிச் சாய்த்து, மூடியின் துளையை விரலால் அடையுங்கள். மூடி சரியாகப் பொருந்தினால் ஒழுக்கு நிற்கும். சோப்பு படக் கூடாது. கழுவியபின் மூடியைத் திறந்து காயவிடாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

கேள்வி: சாவ்ஜோவில் ஒரு வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிறேன். ஐந்து பேர் இருந்தாலும் மூன்று கோப்பைதான் வைப்பார்களாமே?

ஆம், மரபுப்படி மூன்றுதான். பெரியவர்களுக்கும் விருந்தினருக்கும் முதலில், வீட்டுக்காரர் கடைசியில். ஒருவர் குடித்ததும் கோப்பையைக் கொதிநீரில் உருட்டிக் கழுவி அடுத்தவருக்கு ஊற்றுவார்கள். சூடாகவே குடித்துவிடுங்கள், உங்களுக்குப் பின்னால் ஒருவர் காத்திருப்பார். பாதியில் புதிதாக ஒருவர் வந்தால் இலையை மாற்றுவதுதான் மரியாதை. கோப்பையை முக்கால் அளவுதான் நிரப்புவார்கள். தளும்ப ஊற்றினால் விரல் சுடும், அதை அவமதிப்பாகவும் எடுத்துக்கொள்வார்கள்.

உங்களுக்கு ஊற்றும்போது இரண்டு விரல்களால் மேசையை மெல்லத் தட்டினால் அது நன்றி. மாறுவேடத்தில் போன சியான்லோங் பேரரசர் உடன் வந்தவருக்கு டீ ஊற்ற, அவர் மண்டியிட முடியாமல் விரலை மடக்கித் தட்டினார் என்று கதை சொல்வார்கள். கதை எப்படியோ, தட்டுவதை மறக்காதீர்கள். குவாங்டோங் உணவகங்களில் வெந்நீர் தீர்ந்தால் கூப்பிட வேண்டியதில்லை. குடுவை மூடியைத் திறந்து விளிம்பில் சாய்த்து வையுங்கள், நிரப்ப ஆள் வருவார்.