சிறையிலிருந்து வந்தவன் யாகூசா எனும் ஜப்பானிய மாஃபியா கும்பலோடு மோதுகிற ஜப்பானியப் படம் ஏதாவது சொல்ல முடியுமா?

செய்ஜுன் சுசூகி இயக்கிய ‘யூத் ஆஃப் தி பீஸ்ட்’. 1963-இல் நிக்காட்சு ஸ்டுடியோ தயாரித்தது. ஒன்றரை மணி நேரம்தான்.

கதையில் பெரிய புதுமை கிடையாது. ஜோ மிசுனோ முன்னாள் போலீஸ்காரன்; பொய் வழக்கில் மாட்டி ஜெயிலுக்குப் போய் வந்தவன். பழைய சகா ஒருவர் ஒரு பெண்ணோடு பிணமாகக் கிடக்கிறார். காதல் தற்கொலை என்கிறார்கள். ஜோ நம்பவில்லை. ரவுடியாக நடித்து ஒரு கும்பலில் சேர்கிறான், எதிர்க் கும்பலிடமும் பேரம் பேசுகிறான், இரண்டையும் முட்டவிடுகிறான். இதே மாதிரி ஒருவன் இரண்டு கும்பல்களை முட்டவிடுகிற, அகிரா குரோசாவா இயக்கிய ‘யோஜிம்போ’ வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அந்த வாடை அடிக்கத்தான் செய்யும்.

பார்க்க வேண்டியது, இந்த அரைத்த மாவுக்குள் சுசூகி பண்ணும் சேட்டைகளுக்காக. முதல் காட்சி கறுப்பு வெள்ளை. அதில் ஒரு கமேலியா பூ மட்டும் சிவப்பு. ஜோ சேர்கிற நோமோட்டோ கும்பலின் அலுவலகம் ஒரு நைட் கிளப்பை ஒட்டி, ஒருபக்கக் கண்ணாடிக்குப் பின்னால். இங்கே மிரட்டல் நடக்கும். கண்ணாடிக்கு அப்பால் சத்தமே இல்லாமல் ஒருத்தி இறகு விசிறியோடு ஆடிக்கொண்டிருப்பாள். எதிர்க் கும்பல் உட்கார்ந்திருப்பதோ சினிமா தியேட்டர் திரைக்குப் பின்னால்! இவர்கள் பேசப் பேச, முதுகுப்பக்கம் வேறொரு படம் பிரம்மாண்டமாக ஓடும். கண் எங்கே போவதென்று தெரியாமல் திண்டாடும்.

ஜோவாக வரும் ஜோ ஷிஷிடோவின் கன்னத்தைப் பார்த்து, பாவம் பல்வலி போல என்று நினைக்காதீர்கள். 1957-இல் ஆபரேஷன் செய்து அவரே உப்பவைத்துக்கொண்டது. தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்ட பிறகும் அந்த மனிதர் சுடுவார்.

பிடிக்காததும் உண்டு. பெண்கள் பெரும்பாலும் அடிவாங்கவே வருகிறார்கள். மஞ்சள் புழுதிக்காற்றின் நடுவே வரும் சாட்டையடிக் காட்சியைப் பலரும் கொண்டாடுவார்கள். நிறம் அபாரம், எனக்கு உட்கார்ந்து பார்க்க முடியவில்லை.

பிடித்திருந்தால் அடுத்து இதே சுசூகி–ஷிஷிடோ கூட்டணியின் ‘பிராண்டட் டு கில்’ (1967) பாருங்கள். ஒன்றும் புரியவில்லை என்று ஸ்டுடியோ தலைவர் சுசூகியை வேலையை விட்டே தூக்கினார். சுசூகி கோர்ட்டுக்குப் போக, 1971-இல் சமரசம் ஆனது. ‘யூத் ஆஃப் தி பீஸ்ட்’ புரியும், பயப்பட வேண்டாம். கொலையாளி யார் என்பதை மட்டும் முன்கூட்டியே தேடிப் படித்துவிடாதீர்கள்.