செஹா ஹேண்ட்பால் லீக், 2016–17 பருவம்: கேள்வி பதில்

தென்கிழக்கு ஐரோப்பிய கிளப்புகள் சேர்ந்து ஆடிய செஹா லீக் பற்றி, குறிப்பாக 2016–17 பருவம் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் பதில்களும் கீழே. நான் பல்கலைக்கழக அணியில் கோல்கீப்பராக நின்றவன். அந்தச் சாய்வு பதில்களில் தெரியத்தான் செய்யும். ஒரே ஒரு வேண்டுகோள்: செஹா பட்டம் வேறு, ஐரோப்பா முழுவதற்குமான சாம்பியன்ஸ் லீக் பட்டம் வேறு. இதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

திருச்சிக்காரன்: ஒவ்வொரு நாட்டுக்கும் சொந்த லீக் இருக்கும்போது, பல நாட்டு கிளப்புகளைச் சேர்த்து இன்னொரு லீக் எதற்கு?

யூகோஸ்லாவியா உடைந்ததுதான் காரணம். அந்த நாடு 1972 மியூனிக்கிலும் 1984 லாஸ் ஏஞ்சல்ஸிலும் ஹேண்ட்பாலில் ஒலிம்பிக் தங்கம் வாங்கியது. உள்நாட்டு லீக்கும் அதே தரத்தில் இருந்தது. பியெலோவர், பான்யா லூகா என்று சின்ன ஊர்களின் அணிகள்கூட ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கின. ஷாபட்ஸ் ஊரின் மெட்டலோபிளாஸ்டிகா 1985, 1986 என்று அடுத்தடுத்து இரண்டு முறை வென்றது. வாரத்துக்கு வாரம் இப்படிப்பட்ட அணிகள் ஒன்றோடொன்று மோதினால் தரம் தானாக ஏறும்.

நாடு உடைந்ததும் அந்த ஒரு லீக் அரை டஜன் குட்டி லீக்குகளாகச் சிதறியது. குரோவேஷியாவில் சாக்ரெப் அணிக்குச் சொல்லிக்கொள்ளும்படி எதிரியே இல்லை. சும்மா பதினைந்து கோல் வித்தியாசத்தில் ஜெயித்துக்கொண்டே இருந்துவிட்டு, திடீரென்று ஒரு புதன்கிழமை ஜெர்மன் அணியைச் சந்தித்தால் என்ன ஆகும்? கூடைப்பந்துக்காரர்கள் இதைப் புரிந்துகொண்டு 2001லேயே ஏட்ரியாட்டிக் லீக் தொடங்கிவிட்டார்கள். ஹேண்ட்பாலுக்கு விடிவு 2011இல்தான் வந்தது. முதல் பட்டம் மாசிடோனியத் தலைநகர் ஸ்கோப்யேயின் வர்தாருக்கு.

பிறகு பழைய யூகோஸ்லாவிய எல்லையைத் தாண்டியும் லீக் விரிந்தது. ஹங்கேரியின் வெஸ்ப்ரேம், ஸ்லோவாக்கியாவின் பிரெஷோவ், பெலாரஸின் பிரெஸ்ட் எல்லாம் சேர்ந்தன. ஸ்கோப்யேயிலிருந்து பிரெஸ்ட் நேர்கோட்டிலேயே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஒரு லீக் ஆட்டத்துக்கு இவ்வளவு தூரமா என்று அலுத்துக்கொண்டவர்கள் உண்டு.

விளையாட்டுப்பிரியை: லிபரோ ஆட்டக்காரர் சர்வீஸ் போடலாமா?

நீங்கள் கேட்பது வாலிபால். பக்கத்து மைதானம்.

நெல்லை வாசகர்: 2016–17இல் லீக் எப்படி நடந்தது, யார் ஜெயித்தார்கள்?

ஒவ்வொரு அணியும் மற்ற அணிகளைச் சொந்த ஊரில் ஒரு முறை, வெளியூரில் ஒரு முறை சந்திக்க வேண்டும். முதல் நான்கு இடம் பிடித்தவர்கள் கடைசியில் ஒரே ஊரில் கூடி அரையிறுதி, இறுதி ஆடுவார்கள். பட்டம் வர்தாருக்கு. அதற்கு முந்தைய இரண்டு பருவமும் வெஸ்ப்ரேம் வைத்திருந்த பட்டம் அது.

கோவை மணி: அப்படியானால் செஹா ஜெயித்ததால்தான் வர்தார் ஐரோப்பிய சாம்பியன் ஆனதா?

இல்லை. முதல் பத்தியைப் படியுங்கள். சாம்பியன்ஸ் லீக் என்பது ஐரோப்பிய ஹேண்ட்பால் கூட்டமைப்பு நடத்தும் தனிப்போட்டி. வர்தார் அதே வருடம் அதையும் வென்றது. ஒன்று மற்றொன்றுக்குப் பரிசு அல்ல.

ஏழு மீட்டர்: அந்த வர்தார் அணியில் அப்படி என்னதான் இருந்தது?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

முதலில் பணம். உரிமையாளர் செர்கெய் சம்சோனென்கோ என்ற ரஷ்யத் தொழிலதிபர். அடுத்து பயிற்சியாளர் ரவுல் கொன்சாலஸ், ஸ்பெயினில் பயிற்சியாளர் தலந்த் துய்ஷெபாயேவுக்கு உதவியாளராக இருந்து வந்தவர். ஆட்டக்காரர்களைப் பாருங்கள்: நடுவில் லூகா சிந்திரிச், இகோர் கராச்சிச், வலப்புறம் அலெக்ஸ் துய்ஷெபாயேவ், ஓரங்களில் திபிரோவும் சுபிச்சும், எதிரணி கோலுக்கு முன்னால் உள்ள வட்டக்கோட்டில் (பிவட் இடம்) உள்ளூர்ப் பிள்ளை ஸ்டொய்லோவ்.

கோலில் ஆர்பாத் ஷ்டெர்பிக். செர்பியாவின் சென்டாவில் பிறந்து பின்னாளில் ஸ்பெயினுக்காக ஆடியவர், 2005இன் உலகின் சிறந்த ஆட்டக்காரர். அவர் நிற்பதைப் பார்ப்பதே ஒரு பாடம். எறிபவனின் தோள் திறக்கும்வரை அசையமாட்டார். இளம் கீப்பர்கள் முதலில் தாவிவிட்டு அப்புறம் யோசிக்கிறார்கள்.

2017 ஜூனில் கொலோன் நகரில் சாம்பியன்ஸ் லீக் கடைசிச் சுற்று. நான்கு அணிகளில் இரண்டு செஹா அணிகள், வர்தாரும் வெஸ்ப்ரேமும். ஜெர்மன் அணி ஒன்றுகூட இல்லை. 2010இல் அந்த நான்கு அணி முறை வந்ததிலிருந்து அதுவரை அப்படி நடந்ததே இல்லை. அரையிறுதியில் பார்சலோனாவை 26–25 என்று வர்தார் தாண்டியது. இறுதியில் எதிரே பாரிஸ்: கரபாட்டிச், ஹான்சன், ஓமெயர் என்று நட்சத்திரப் பட்டாளம். 23–23இல் இருந்தபோது கடைசி நொடிகளில் சுபிச் எறிந்தது உள்ளே போனது. 24–23.

கோல் எண்ணிக்கையைக் கவனியுங்கள். அறுபது நிமிடத்தில் பாரிஸை 23இல் நிறுத்தியிருக்கிறார்கள். ‘செஹா லேசான லீக்’ என்று எழுதியவர்கள் அன்றைக்கு என்ன எழுதினார்கள் என்று தேடிப் பாருங்கள்.

பெயர் வேண்டாம்: வெஸ்ப்ரேம் ஏன் எப்போதும் கடைசியில் கோட்டை விடுகிறது?

2016 சாம்பியன்ஸ் லீக் இறுதியைத்தானே சொல்கிறீர்கள்? போலந்தின் கியெல்ட்சேக்கு எதிராக 28–19 என்று ஒன்பது கோல் முன்னிலை, பாக்கி கால் மணி நேரம்கூட இல்லை. அதன்பின் ஒரே ஒரு கோல்தான் போட்டார்கள். 29–29, கூடுதல் நேரம், பெனால்டி, கடைசியில் 39–38 என்று தோல்வி. களைப்பு என்றார்கள். எனக்கு அது அரைக் காரணம்தான். செஹா, சாம்பியன்ஸ் லீக் குழுச் சுற்றில் மட்டும் 14 ஆட்டம், அதோடு உள்நாட்டு லீக் என்றால் உடம்பு தாங்காதுதான். அதனால்தான் வெஸ்ப்ரேம், சாக்ரெப் போன்றவர்களை உள்நாட்டு லீக்கில் கடைசிக் கட்டத்தில் மட்டும் வந்து ஆடினால் போதும் என்று விட்டார்கள். ஆனால் அன்றைக்கு முன்னிலை கிடைத்ததும் எறிவதற்கே பயந்தார்கள். அது காலில் வந்த களைப்பு இல்லை.

சேலம் வாசகர்: அந்த வருடம் விதிகள் மாறியதாமே?

ஆமாம், 2016 ஜூலை 1 முதல். ஆட்டத்தை இழுத்தடிக்கிறார்கள் என்று கையைத் தூக்கி நடுவர் எச்சரித்தபின் ஆறு பாஸுக்குள் எறிய வேண்டும் (2022இல் இது நான்காகக் குறைந்தது). களத்துக்குள் சிகிச்சை பெற்றவர் தன் அணியின் மூன்று தாக்குதல்களுக்கு வெளியே உட்கார வேண்டும். சும்மா விழுந்து கிடப்பவர்களுக்கு நல்ல மருந்து. நீல அட்டையும் (சிவப்பு அட்டையோடு எழுத்து அறிக்கையும் போகும் என்பதற்கான அடையாளம்) அப்போதுதான் வந்தது.

அப்புறம் அந்த நாசமாய்ப்போன காலிக் கோல். களத்தில் ஒரு அணிக்கு ஆறு பேரும் கீப்பரும்தான். முன்பும் கீப்பரை எடுத்துவிட்டு தாக்குதலுக்கு ஏழாவது ஆளை இறக்கலாம், ஆனால் அவர் கீப்பர் நிறத்தில் மேலுடை போட்டிருக்க வேண்டும். 2016இல் அதை எடுத்துவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் ஏழாவது ஆள். விளைவு, கீப்பர் ஒவ்வொரு தாக்குதலுக்கும் பெஞ்சுக்கு ஓடி, பந்து பறிபோனதும் திரும்பி ஓடி வருகிறார்.

ஏழு மீட்டர்: இதில் என்ன நாசம்? பலம் குறைந்த அணிக்கு இது ஒரு வழிதானே. ஆறு பெரிய உடம்புகள் சுவர் மாதிரி நிற்கும்போது ஏழாவது ஆள் இருந்தால்தான் இடைவெளி கிடைக்கும்.

இடைவெளி கிடைக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தாக்குதலைப் பாருங்கள்: பந்து பக்கவாட்டில் போய்க்கொண்டே இருக்கும், யாரும் உயரக் குதித்து எறிவதில்லை. எல்லாரும் தவறு செய்யப் பயந்து ஆடுகிறார்கள்.

தஞ்சாவூர் பிவட்: பயம் இரண்டு பக்கமும்தான். தவறினால் நாற்பது மீட்டர் தள்ளி இருக்கும் காலிக் கோலில் எறிவார்கள் என்பதும் விறுவிறுப்புதானே?

முதல் முறை விறுவிறுப்பு. ஒரே ஆட்டத்தில் ஐந்தாவது முறை? தடுப்பவன் இல்லாத கோலில் உருண்டு போகும் பந்தைப் பார்க்க எவன் டிக்கெட் வாங்குவான்?

ஏழு மீட்டர்: நீங்கள் கீப்பர் என்பதால் பேசுகிறீர்கள். இரண்டு நிமிடத் தண்டனையில் ஐந்து பேரோடு தாக்குவதைவிட கீப்பரை எடுத்துவிட்டு ஆறு பேராவது நல்லதில்லையா?

அங்கேதான் எனக்கு இன்னும் கோபம். இரண்டு நிமிடம் என்பது தண்டனை. தவறு செய்த அணி ஒரு ஆள் குறைந்து திணற வேண்டும். கீப்பரைக் கூப்பிட்டுக்கொண்டு ஆறுக்கு ஆறு ஆடிவிட்டால் தண்டனையில் பாதி கரைந்துவிட்டது. ஏழுக்கு ஆறைக்கூட பொறுத்துக்கொள்வேன், இதைப் பொறுக்க மாட்டேன்.

தஞ்சாவூர் பிவட்: தண்டனை கரையவில்லை, ஆபத்தாக மாறியிருக்கிறது. காலிக் கோல்தான் விலை.

சரி, இது நல்ல வாதம். பந்தைக் கையில் வைத்துக்கொள்ளத் தெரிந்த அணிக்கு அந்த விலை மிகவும் மலிவு என்பதுதான் என் பதில். பெரிய அணிகளுக்குத்தான் அது தெரியும். ஆக உங்கள் ‘பலம் குறைந்த அணி’ நியாயமும் அடிபடுகிறது.

ஈரோடு: காலிக் கோல் சண்டை போதும். வர்தார் அந்த வருடம் யூரோப்பா லீக்குக்குப் போனதே, அதைச் சொல்லுங்கள்.

அது அதே பெயரில் உள்ள கால்பந்து கிளப்.

ஒருவர்: இந்த மாதிரி லீக்கில் யார் மேல் பணம் கட்டலாம்?

இங்கே கேட்காதீர்கள்.

மாணவி, சிதம்பரம்: லீக் ஏன் நின்றது?

முக்கியப் புரவலர் ரஷ்யாவின் காஸ்ப்ரோம். லீக்கின் பெயரிலேயே அது ஒட்டியிருந்தது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் அந்தக் கதவு மூடியது. பெலாரஸ் அணிகளையும் ஐரோப்பியக் கூட்டமைப்பு விலக்கியது. 2021–22 கடைசிப் பருவம். வர்தார் கதையும் அதே ரகம்: 2019இல் வெஸ்ப்ரேமை 27–24 என்று வென்று மறுபடி ஐரோப்பியப் பட்டம் எடுத்தார்கள், பிறகு உரிமையாளர் விலகினார், நட்சத்திரங்கள் கிளம்பினார்கள். ஒரே பையிலிருந்து வரும் பணத்தை நம்பி லீக் நடத்தாதீர்கள் என்று நான் எந்த நாட்டுப் போட்டி பற்றிப் பேசினாலும் சொல்வது இதனால்தான்.

மதுரை: நம் ஊரில் இப்படி ஒன்று வருமா?

2023இல் ஜெய்ப்பூரில் பிரீமியர் ஹேண்ட்பால் லீக் நடந்தது. ஆறு அணிகள், மகாராஷ்டிரா ஐயன்மென் சாம்பியன். தமிழ்நாட்டு அணி கிடையாது. பள்ளி மைதானத்தில் கோல்கம்பம் இருந்தாலே பெரிய விஷயம் என்ற நிலையில் பல நாட்டு லீக் பற்றி நான் என்ன சொல்ல? முந்தைய பதிலின் கடைசி வரியை இன்னொரு முறை படியுங்கள்.

கோவை மணி: ஒரே சந்தேகம். 2019இல் வர்தார் செஹா ஜெயித்ததா, சாம்பியன்ஸ் லீக் ஜெயித்ததா?

இரண்டும். தனித்தனியாக.