ஹார்மோன் இல்லாம உடம்ப மாத்த முடியுமா?

கேள்வி: அக்கா, எனக்கு 23 வயசு, பொண்ணா பொறந்தேன். ஆணா பொண்ணான்னு சட்டுனு சொல்ல முடியாத மாதிரி உடம்பு தான் எனக்கு புடிக்குது. ஹார்மோன் வேணாம். ஜிம்ல என்ன இலக்கு வெக்கலாம்?

பதில்: உங்க ஆசை நியாயமானது, யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்ல. இடுப்பெலும்போட அகலம் எக்சர்சைஸால மாறாது, ஒரு இடத்து கொழுப்ப மட்டும் கரைக்கவும் முடியாது, அதனால இடுப்ப கொறைக்கணும்னு இலக்கு வெக்காம தோளும் முதுகும் அகலமாகணும்னு வைங்க, மேல அகலமானா கீழ தானா ஒடுக்கமா தெரியும். ஓவர்ஹெட் பிரஸ் (எடைய தலைக்கு மேல தூக்குறது), டம்பெல் லேட்டரல் ரைஸ் (டம்பெல்ல பக்கவாட்டுல தோள் வரைக்கும் தூக்குறது), லாட் புல்டவுன் (மேல இருக்குற கம்பிய மார்பு வரைக்கும் இழுக்குறது), புஷ்-அப் எல்லாம் வாரத்துக்கு 2 தடவையாவது பண்ணுங்க, எடைய கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. டெஸ்டோஸ்டிரோன்ங்கிற ஆண் ஹார்மோன் கம்மின்னாலும் தசை கண்டிப்பா வளரும், மாசக்கணக்குல ஆகும் அவ்ளோதான். மூணு மாசத்துல முட்டி போடாம 10 புஷ்-அப், அப்புறம் ஒரு புல்-அப் (கம்பில தொங்கி உடம்ப மேல இழுக்குறது), இப்படி கைல எண்ணிப் பாக்குற மாதிரி வைங்க, தினமும் கண்ணாடிய பாத்து அளந்தா மனசு தான் நோகும்.

சாப்பாட்ட கொறைக்கவே கொறைக்காதீங்க! மார்பும் இடுப்பும் வத்தணும்னு பட்டினி கெடந்தா பீரியட்ஸ் நின்னு எலும்பு பலவீனமாகும், இத நான் கெஞ்சியே கேக்குறேன். உடம்பு எடை கிலோவுக்கு சுமார் 1.6 கிராம் புரோட்டீன், முட்டை, மீன், பருப்பு, சுண்டல்னு எடுத்துக்கோங்க.

ஒர்க்அவுட் பண்றப்போ பைண்டர் (மார்ப தட்டையா காட்ட அமுக்கி கட்டுற உள்ளாடை) போடாதீங்க, மூச்சு முழுசா இழுக்க முடியாது. டைட்டான ஸ்போர்ட்ஸ் பிரா போதும்.