கேளுங்கோ, அக்கா சொல்லுறன்: கோயிலடி வேலையும் மனசும்

கேள்வி: அக்கா, என்ர அம்மாவுக்கு 63 வயசு. 2009ல காணாமல் போன எங்கட அண்ணாவைப் பற்றி இண்டைவரைக்கும் ஒரு தகவலும் இல்ல. இப்ப கொஞ்சக் காலமா எந்தக் கோயில்ல அன்னதானம் எண்டாலும் அம்மா விடியமுந்தியே கத்தியையும் எடுத்துக்கொண்டு போயிடுறா, மரக்கறி வெட்டி கிடாரம் கழுவி பின்னேரம் கால் வீங்கித்தான் வாறா. விரத நாள்ல பிரஷர் குளிசையும் போடுறேல்ல. மறிச்சாக் கோவம். இது பக்தியா, மனவருத்தமா?
(வாசகி, விசுவமடு)

பதில்: தங்கச்சி, ரெண்டுமா இருந்தா என்ன? முதல்ல அம்மாவை மறிக்காதேங்கோ. ஒருக்கா அந்த மடப்பள்ளிப் பக்கம் நீங்களும் போய் இருந்து பாருங்கோ. சாக்கு விரிச்சு இருந்து பூசணிக்காய் வெட்டுவினம், வாய் ஓயாது, அரிசி விலை, மருமகள், ராத்திரி யானை வந்து வாழையை முறிச்சது எண்டு கதை போய்க்கொண்டே இருக்கும், இடையில ஒருத்தி "இண்டைக்கு என்ர மூத்தவன்ர பிறந்தநாள்" எண்டுவா, ஒருத்தரும் என்ன நடந்தது எங்க நடந்தது எண்டு கேக்க மாட்டினம், பக்கத்தில இருக்கிறவ வெட்டின துண்டை இஞ்சால தள்ளிவிட்டுட்டு "எத்தினை வயசு இப்ப?" எண்டு மட்டும் கேப்பா. வீட்டில நீங்கள் எவ்வளவு அன்பாக் கேட்டாலும் அம்மா அதை வாய்விட்டுச் சொல்லமாட்டா, உங்களை அழவைக்கப் பயம்.

2017 பெப்ரவரி 20ல காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளைத் தேடுற தாய்மாரின்ர போராட்டம் தொடங்கினது கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில. அது சும்மா நிழலுக்குத் தேடின இடம் எண்டு நான் நினைக்கேல்ல. மனநல வைத்தியர் தயா சோமசுந்தரமும் 2010ல வன்னிச் சனத்தைப் பற்றி எழுதின ஆய்வில காயம் தனி ஆளுக்கு மட்டுமில்ல, குடும்பம் ஊர் எண்டு முழுச் சமூகத்துக்கும் பட்டது எண்டுதான் சொன்னவர். அப்ப ஆறுறதும் நாலு பேரோட இருந்துதான்.

ஆனா குளிசை விசயத்தில விட்டுக்குடுக்காதேங்கோ. நீங்கள் சொன்னாக் கேக்கமாட்டா, அதால ஐயரைப் பிடியுங்கோ, "மருந்து போட்டா விரதம் முறியாதம்மா" எண்டு அவர் ஒரு சொல் சொன்னாக் காணும். வீங்கின காலையும் கிளினிக்கில காட்டுங்கோ, வேலை கூடிப்போச்செண்டு விடவேண்டாம். மற்றது, அங்க அவ பந்தியில இருந்து சாப்பிடுறாவோ எண்டு பாருங்கோ. ஊருக்கெல்லாம் பரிமாறிப்போட்டு தான் வெறுந்தேத்தண்ணியோட வாற ஆக்கள் எனக்குக் கனபேரைத் தெரியும், தங்களுக்கு ஒருத்தரும் ஒண்டும் செய்யக்கூடாதெண்டு நிக்கிறவையைக் கண்டாத்தான் எனக்குப் பயம். ரெண்டு கிழமைக்கு மேல நித்திரை இல்ல, சாப்பாடு இல்ல, "இருந்தென்ன" எண்ட கதை வருதெண்டா உடன மாவட்ட ஆசுபத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, இல்லாட்டி மனநல உதவி இலக்கம் 1926க்கு எடுத்துக் கதையுங்கோ. கோயிலுக்கும் போகட்டும், வைத்தியமும் நடக்கட்டும்.

கேள்வி: அக்கா, வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்குத் தண்ணிப்பந்தல் போட வா எண்டு பெடியள் கூப்பிடுறாங்கள். எனக்குச் சாமி நம்பிக்கை பெரிசா இல்ல. போனா நடிக்கிற மாதிரி இருக்காதோ?
(தம்பி ஒராள், முள்ளியவளை)

பதில்: உங்கட ஊர் காட்டா விநாயகர் கோயில்ல அந்தப் பொங்கலுக்குக் கடல்தண்ணியில விளக்கெரியிறதைச் சின்னனில இருந்து பாத்து வளந்த பிள்ளை, இப்ப வந்து இப்பிடிக் கேக்கிறீர். தம்பி, வைகாசி வெய்யிலுக்க தூர இடத்தில இருந்து நடந்து வாற சனத்துக்குத் தாகம் உண்மை, நீர் குடுக்கிற தண்ணியும் உண்மை, இதில நடிக்க என்ன கிடக்கு? மடு மாதா திருவிழாவுக்கு எத்தினை சைவக்காரர் போகினம், ஆர் அவையளிட்ட ஞானஸ்நானச் சேட்டிபிக்கற் கேக்கினம்?

போறதெண்டா வேலையை ஒழுங்காச் செய்யும். பவுசரில வாற தண்ணிக்குக் குளோரின் போட்டதோ எண்டு முதல்நாளே பிஎச்ஐயிட்ட (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கேளும். சர்க்கரைத் தண்ணி கலக்கிறனீங்கள் பக்கத்தில வெறுந்தண்ணியும் ஒரு வாளி வையுங்கோ, நீரிழிவுக்காரர் கனபேர் நடந்து வருவினம். களைச்சு விழுறவைக்குக் கரைச்சுக் குடுக்கிற ஜீவனி உப்புக்கரைசல் பைக்கற்றும் கொஞ்சம் கையில வைச்சிரும், ஒண்டுக்கு ஒரு லீற்றர் தண்ணி, கண்ணளவில கலக்காதேயும். பாட்டுப்பெட்டியை அலறவிடுறதுதான் தொண்டெண்டு நிக்கிற பெடியளோட மட்டும் சேராதேயும்!

கோயில் வாசலே வேண்டாமெண்டா இரத்ததான முகாமுக்குப் போம். 18 வயசும் 50 கிலோவும் தாண்டின சுகதேகியெண்டா நாலு மாசத்துக்கு ஒருக்காக் குடுக்கலாம். அங்க ஆரும் நம்பிக்கையைப் பற்றிக் கேக்கமாட்டினம், ஈமோகுளோபினைத்தான் கேப்பினம்.

கேள்வி: பெரும்போகத்துக்கு முதல் வாய்க்கால் துப்புரவாக்க வராட்டித் தண்டம் எண்டு எங்கட கமக்காரர் அமைப்பு சொல்லுது. தொண்டு எண்டா விருப்பத்தில செய்யிறதுதானே?
(மல்லாவி வாசகர்)

பதில்: அண்ணை, அது தொண்டில்ல, உங்கட வயலுக்கு வாற தண்ணி. மண்வெட்டியை எடுங்கோ. ஏலாத ஆள், இல்லாட்டித் தனிய இருக்கிற பொம்பிளையெண்டா அது வேற கதை, அவையின்ர பங்கை மற்றாக்கள் சேர்ந்து வெட்டிவிடலாம். அதைத் தண்டக்கதை தொடங்கமுந்தியே கூட்டத்தில எழும்பிச் சொல்லுங்கோ.