குண்டை மாற்றும் முன் குழலை அளந்து பாருங்கள்

கேள்வி: கொலராடோவில் வசிக்கிறேன். குழலின் வாய் வழியாகக் கரிமருந்தையும் குண்டையும் கெட்டிக்கும் (மசில்லோடர்) துப்பாக்கிகளுக்கென்று செப்டம்பரில் வரும் தனிப் பருவத்தில் எல்க் என்ற பெரிய மான் வேட்டைக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. இதற்காக .50 காலிபரில் (குழல் விட்டம் அரை அங்குலம்), பக்கவாட்டுச் சுத்தியல் வைத்த பழைய பாணி ரைஃபிள் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். உருண்டைக் குண்டைத் துணியில் பொதிந்து சுட்டால் 50 கெஜத்தில் எல்லாம் ஓர் உள்ளங்கைக்குள் விழுகின்றன. கடையில் தந்த 460 கிரெயின் (குண்டையும் மருந்தையும் அளக்கும் சிறு அலகு) கூம்புக் குண்டைப் போட்டால் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறுகின்றன. ஒன்றிரண்டு ஓட்டைகள் வட்டமாகக்கூட இல்லை, நீளவாக்கில் கிழிந்திருக்கின்றன. “மருந்தைக் கூட்டுங்கள், சரிப்படாவிட்டால் வேறு ரைஃபிள் வாங்குங்கள்” என்கிறார் கடைக்காரர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் இதைவிட மெதுவான புரி கொண்ட குழல்களில் கூம்புக் குண்டைத்தானே சுட்டார்கள்? நான் எதை வாங்குவது?

பதில்: இப்போதைக்கு ரைஃபிள் வாங்க வேண்டாம், மருந்தையும் கூட்ட வேண்டாம். அந்த நீளவாக்கு ஓட்டையிலேயே பாதி விடை இருக்கிறது. குண்டு மூக்கை முன்னே நீட்டிப் போகாமல், பக்கவாட்டில் புரண்டுபோய் அட்டையைக் கிழித்திருக்கிறது. அதன் நீளத்துக்கு உங்கள் குழல் தரும் சுழற்சி போதவில்லை.

குழலுக்குள் வெட்டியிருக்கும் சுருள் பள்ளம் எத்தனை அங்குலத்தில் ஒரு முழுச் சுற்று சுற்றுகிறது என்பதைத்தான் புரி என்கிறோம். உருண்டைக் குண்டுக்கு 60 அல்லது 66 அங்குலத்துக்கு ஒரு சுற்றே போதும். நீளமான குண்டுகளுக்கும் சேபாட்டுக்கும் (சிறிய குண்டைப் பொதியும் பிளாஸ்டிக் உறை) செய்த நவீனக் குழல்களில் அது 28 அங்குலம். பழைய பாணி ரைஃபிள்களில் பெரும்பாலும் இருப்பது 48. இரண்டு பக்கமும் பேசும் சமரசம். உங்களுடையது எது என்று விற்றவரைக் கேட்காதீர்கள், நீங்களே அளந்துவிடலாம். கைப்பிடி தனியாகச் சுழலும் துப்புரவுக் கோலில் இறுக்கமான துணியைப் பொருத்தி உள்ளே தள்ளுங்கள். கோலில் ஓர் அடையாளம் இட்டுக்கொண்டால் அது திரும்புவது தெரியும். கால் சுற்றுத் திரும்ப 12 அங்குலம் போனால் உங்கள் புரி 48.

இனி ஒரு சின்னக் கணக்கு. 1879-இல் கிரீன்ஹில் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் பீரங்கிக் குண்டுகளுக்காகப் போட்ட சூத்திரம், ஈயக் குண்டுக்கும் ஏறத்தாழப் பொருந்தும். குண்டின் விட்டத்தை (அங்குலத்தில்) அதே எண்ணால் பெருக்கி, வருவதை 150-ஆல் பெருக்கி, புரியால் வகுத்தால் அந்தக் குழல் நன்றாகச் சுழற்றக்கூடிய நீளம் கிடைக்கும். .50 காலிபருக்கும் 48 அங்குலப் புரிக்கும் விடை 0.78, அதாவது முக்கால் அங்குலத்தைக் கொஞ்சம் தாண்டும். தோராயக் கணக்குதான், சற்று நீளமானவையும் சில குழல்களில் ஒழுங்காகப் போகும். ஆனால் உங்கள் 460 கிரெயின் குண்டு ஓர் அங்குலத்தையே தாண்டும். வெர்னியர் அளவுகோல் வைத்துப் பாருங்கள்.

ஆகவே குட்டையாக வாங்குங்கள். 250 முதல் 320 கிரெயின் வரையிலான தூய ஈயக் குண்டுகள் இந்தக் குழலுக்குத் தோதானவை. 320 கிரெயின் என்பது சுமார் 21 கிராம், நம் கணக்கில் இரண்டரைப் பவுனுக்கு மேல். எல்க்குக்கு இது போதுமா என்ற தயக்கமே வேண்டாம், உருண்டைக் குண்டின் எடை 180-க்குள்தான். ஒரே வகையில் பெரிய பெட்டியாக வாங்கிவிடாமல் இரண்டு மூன்று வகையில் சிறு பொட்டலம் வாங்கிச் சுட்டுப் பாருங்கள். ஒரே கம்பெனியின் இரண்டு குழல்களே ஒரே குண்டை விரும்புவதில்லை.

உள்நாட்டுப் போர்க் கேள்வி நல்ல கேள்வி. அந்தப் போரில் சுட்ட ஸ்பிரிங்ஃபீல்ட் துப்பாக்கியின் புரி 72 அங்குலம், என்ஃபீல்டின் புரி 78. அதிலும் கூம்புக் குண்டு நேராகப் போனதற்குக் காரணம் அடிப்பாகம். பிரெஞ்சுக்காரர் மினியே 1840-களின் கடைசியில் உருவாக்கி, அமெரிக்காவின் ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதசாலையில் ஜேம்ஸ் பர்ட்டன் எளிமையாக்கிய குண்டு அது. அடியில் குடைந்திருப்பதால் கனம் மூக்குப் பக்கம் சேர்ந்துவிடுகிறது, மருந்து வெடிக்கும்போது அந்த மெல்லிய விளிம்பு விரிந்து பள்ளத்தைப் பிடித்துக்கொள்கிறது. உங்களுடையதோ தட்டையான அடி கொண்ட நீளக் குண்டு, அதோடு இதை ஒப்பிட முடியாது. இன்னொன்று: சுமார் 500 கிரெயின் எடையுள்ள அந்தக் குண்டுக்கு அவர்கள் போட்ட மருந்து 60 கிரெயின்தான். மருந்தைக் கூட்டினால் விளிம்பு பிய்ந்து குறி கெடும். மருந்து கூடினால் குறி கூடும் என்பது விற்பனைப் பேச்சு.

குண்டு சரியாகிவிட்டால் மீதி எல்லாம் பொருத்தமும் ஒழுங்கும்தான். குழல் வாயில் வைத்தவுடன் தன் எடையிலேயே சரிந்து இறங்கினால் அது உங்கள் குழலுக்குத் தொளதொளப்பு. ஈயம் நகத்தால் கீறினால் கோடு விழும் அளவுக்கு மென்மையாக இருக்க வேண்டும். கார்ச் சக்கர எடைக் கட்டியை உருக்கிய ஈயத்தில் அதைக் கடினமாக்கும் ஆன்டிமனி கலந்திருக்கும். விரிந்து பள்ளத்தை நிரப்பாது. மூக்கில் சின்ன வடு இருந்தால் பாதகமில்லை, அடி விளிம்பில் ஒரு நசுங்கல் இருந்தாலும் அதை ஒதுக்கிவிடுங்கள். குழலை விட்டு வெளியேறும் கணத்தில் குண்டின் திசையைத் தீர்மானிப்பது அந்த விளிம்புதான். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே எண்ணெய் தோய்ந்த ஃபெல்ட் வட்டு ஒன்றைப் போட்டால் அடி சூட்டிலிருந்து தப்பும். பல குழல்களில் சிதறல் கண்கூடாகக் குறைவது இந்த மலிவான வட்டினால்தான்.

மருந்தை எடை போடாமல் அளவுக் குவளையால் அளந்து போடுங்கள். பைரோடெக்ஸ் போன்ற மாற்று மருந்துகள் கரிமருந்தைவிட லேசானவை. தராசில் நிறுத்தால் கூடுதலாகப் போட்டுவிடுவீர்கள். டிரிபிள் செவன் என்ற மாற்று மருந்து என்றால் அதே வேகத்துக்கு 15 சதவீதம் குறைக்கச் சொல்கிறார்கள் தயாரிப்பாளர்கள். 60 கிரெயினில் தொடங்கி ஐந்து ஐந்தாகக் கூட்டி, குண்டுகள் நெருங்கி விழும் இடத்தில் நின்றுவிடுங்கள். உங்கள் ரைஃபிளின் கையேடு அந்தக் குண்டு எடைக்குச் சொல்லும் உச்ச அளவு எல்லைக்கோடு. நவீனப் புகையற்ற மருந்தை இதில் ஒரு சிட்டிகைகூடப் போடக்கூடாது, குழல் வெடித்துவிடும். ஒவ்வொரு சூட்டுக்கும் நடுவே ஈரத்துணி ஒன்று, காய்ந்த துணி ஒன்று விட்டு எடுங்கள். உங்கள் ஊர் வறண்ட காற்றில் கரி சீக்கிரம் இறுகிப்போகும்.

கடைசியாகப் பாதுகாப்பு. துணியில் பொதிந்த உருண்டை இறுக்கமாக நிற்கும், கூம்புக் குண்டு அப்படி நிற்காது. குழலைக் கீழ்நோக்கித் தொங்கவிட்டு நடந்தால் அது முன்னே நழுவலாம். மருந்துக்கும் குண்டுக்கும் இடைவெளி விழுந்த நிலையில் சுட்டால் குழல் வீங்கவோ பிளக்கவோ கூடும். முழுதாகக் கெட்டித்த நிலையில் கோலில் ஒரு கோடு போட்டுவையுங்கள். காட்டில் அவ்வப்போது கோலை விட்டுப் பாருங்கள். கொலராடோவில் இந்தப் பருவத்தில் சேபாட்டும் மாத்திரை வடிவ மருந்தும் துப்பாக்கியில் பொருத்தும் தொலைநோக்கியும் கூடாது. கடைக்காரர் எதையாவது தள்ளிவிடும் முன் இந்த ஆண்டு விதிப் புத்தகத்தைப் புரட்டுங்கள்.

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். இந்த வகைத் துப்பாக்கி ‘ஆன்டிக்’ என்பதால் எந்தப் பதிவும் இல்லாமல் தபாலிலேயே வரும் என்கிறார் விற்பவர். பழைய துப்பாக்கி வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: 1968-இன் மத்தியச் சட்டப்படி அவர் சொல்வதில் உண்மை உண்டு. மாநிலச் சட்டம் வேறு. நியூ ஜெர்சி இவற்றையும் துப்பாக்கியாகவே பார்க்கிறது, துப்பாக்கி வாங்குவோருக்கான அடையாள அட்டை வேண்டும். விற்பவர் பேச்சை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள்.

கையில் எடுத்ததும் முதல் வேலை, உள்ளே மருந்து கிடக்கிறதா என்று பார்ப்பது. கோலைக் குழலுக்கு வெளியே வைத்து, மருந்தைப் பற்றவைக்கும் சிறு உலோகத் தொப்பி பொருத்தும் இடம் வரை எவ்வளவு நீளம் என்று பாருங்கள். பிறகு உள்ளே விடுங்கள். ஒன்றிரண்டு அங்குலம் முன்னமே முட்டி நின்றால் யாரோ என்றோ கெட்டித்தது அப்படியே இருக்கிறது என்று பொருள். அடுத்து வெள்ளைத் துணி: துரு நிறத்தோடு வந்தால் விலையைக் குறைக்கலாம், ஒரே இடத்தில் சிக்கிச் சிக்கி வந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: கூம்புக் குண்டு விலை கட்டுப்படியாகவில்லை. அச்சு வாங்கி வீட்டிலேயே வார்க்கலாமா? அடுக்ககத்தில் இருக்கிறோம், கைக்குழந்தை உண்டு.

பதில்: வேண்டாம். ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும், ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் சீறித் தெறிக்கும். அதைவிடக் கெடுதல், தரையில் படியும் ஈயத் தூசி. தவழும் குழந்தையின் கை நேரே வாய்க்குத்தான் போகும். குழந்தை இல்லாதவர்கள்கூடத் திறந்தவெளியில், சமையலுக்குத் திரும்பாத பாத்திரத்தில்தான் செய்ய வேண்டும். செலவைக் குறைக்க, பயிற்சிக்கு உருண்டைக் குண்டு சுடுங்கள். வேட்டைக்கு முந்தைய வாரங்களில் மட்டும் கூம்புக்கு மாறுங்கள். இரண்டும் ஒரே இடத்தில் விழாது, ஆகவே குறிமுள்ளைக் கூம்புக் குண்டுக்குத் திருத்திவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். நீங்கள் கலிஃபோர்னியாக்காரர் என்றால் இந்தக் கேள்வியே எழாது. அங்கே 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது.