வாசகர் கேள்வி – பதில்: திருச்சபைச் சட்டமா, ஊர்ப் பழக்கமா?

கேள்வி: எங்களுக்கு இரண்டு நாட்டுப்படகுகள் உண்டு. ஞாயிறன்று கடலுக்குப் போகக் கூடாது என்பது என் மாமியாரின் கண்டிப்பு. விசைப்படகு ஓடாத நாள்களில்தான் நமக்குப் பாடு கிடைக்கும், அதிலும் ஒரு நாளை விட்டுவிட்டால் டீசல் கடனை யார் அடைப்பது என்று மகன் கேட்கிறான். இது திருச்சபைச் சட்டமா, ஊர்ப் பழக்கமா? — வாசகி, தங்கச்சிமடம்

பதில்: இரண்டும் கலந்தது. ஞாயிறன்று திருப்பலியில் பங்குகொள்ள வேண்டும் என்பதும், வழிபாட்டுக்கும் உடலும் மனமும் இளைப்பாறுவதற்கும் தடையாக நிற்கும் வேலைகளை அன்று விலக்க வேண்டும் என்பதும் திருச்சபைச் சட்டம். ஆனால் குடும்பத்தின் உண்மையான தேவை அந்த ஓய்வுக் கடமையிலிருந்து ஒருவரை விடுவிக்கும் என்பதையும் அதே திருச்சபையின் மறைக்கல்வி ஏற்றுக்கொள்கிறது. ஞாயிறு முழுவதும் வள்ளத்தில் கால் வைக்கவே கூடாது, மீறினால் அபராதம் என்பதெல்லாம் ஊர்க் கூட்டம் போட்ட கட்டுப்பாடு. அதற்கு ஊரின் அதிகாரம் உண்டே தவிர, ரோமாபுரியின் முத்திரை கிடையாது.

அந்தக் கட்டுப்பாட்டின் வேர் மிகப் பழையது. 1542இல் இந்தியா வந்த பிரான்சிஸ் சவேரியார், நம் கடற்கரை ஊர்களில் ஞாயிறுதோறும் ஆண், பெண், சிறுவர் எல்லாரையும் கூட்டி, தமிழில் பெயர்த்து வைத்திருந்த செபங்களையும் பத்துக் கட்டளைகளையும் வாய்விட்டுச் சொல்ல வைத்ததைத் தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அவருக்குப் பின் வந்த இயேசு சபைக் குரு அந்தோனி கிரிமினாலி 1549இல் மண்டபத்துக்குப் பக்கத்திலுள்ள வேதாளையில் கொல்லப்பட்டார். எழுத்தறியாத மக்களுக்கு ஞாயிற்றுக்கிழமையே பள்ளிக்கூடமாக இருந்தது. அன்று கடலுக்குப் போனவன் பாடத்தை இழந்தான். என் பாட்டி ஞாயிறன்று ஊசியில் நூல் கோக்கக்கூட விடமாட்டார். ஆனால் மணலில் கருவாடு பரப்புவதற்கு மட்டும் அவரிடம் தடை இருந்ததில்லை, கேட்டால், “வெயிலுக்கு ஞாயிறு தெரியுமா?” என்பார். உங்கள் மாமியாரிடமும் இப்படி ஒரு விதிவிலக்கு இருக்கக்கூடும், விசாரித்துப் பாருங்கள்.

உங்கள் மகனுக்கு நான் சொல்ல விரும்புவது வேறொன்று. 1891 மே 15 அன்று திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் (லியோ) தொழிலாளர் நிலை பற்றி எழுதிய சுற்றுமடலில், ஞாயிறு ஓய்வைக் கடவுளுக்குரிய கடமை என்று சொன்னதோடு, முதலாளி தொழிலாளிக்கு மறுக்கக் கூடாத ஒன்றாகவும் பேசினார். சிக்கனமாக வாழும் தொழிலாளியின் பிழைப்புக்குப் போதாத கூலியை, அவன் வேறு வழியின்றி ஒப்புக்கொண்டாலும், அது அநீதி என்பதும் அதே மடலில் இருக்கிறது. ஞாயிறு ஓய்வைப் பற்றி நம் கோயில்களில் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். முன்பணம் வாங்கிய ஒரே காரணத்தால் ஆண்டுக்கணக்கில் ஒரே படகில் கட்டுண்டு கிடக்கும் கூலியாளைப் பற்றி, டீசல், ஐஸ், படி எல்லாம் கழித்த பிறகு அவன் கைக்கு வரும் பங்கைப் பற்றி, ஒரு பிரசங்கமும் கேட்டதில்லை. ஞாயிறன்று படகைக் கரையில் நிறுத்துவதா வேண்டாமா என்பதை நீங்களும் மகனும் பங்குத்தந்தையிடம் பேசி முடிவு செய்யலாம். அந்தப் படகில் ஏறுகிறவர்களின் கணக்கை ஒருமுறை எடுத்துப் பார்ப்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

கேள்வி: ஓரியூர் அருளானந்தர் ‘ஒருவனுக்கு ஒருத்தி’ என்ற போதனைக்காக உயிர் கொடுத்தார் என்று ஒவ்வொரு திருவிழாவிலும் சொல்கிறார்கள். தள்ளிவைக்கப்பட்ட மனைவியரைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லையே? — வாசகர், திருவாடானை

பதில்: நெடுநாளாக நான் எதிர்பார்த்த கேள்வி இது. லிஸ்பனில் 1647இல் பிறந்த ஜான் டி பிரிட்டோ மதுரை மறைப்பணித் தளத்துக்கு வந்து, காவி உடுத்தி, அருளானந்தர் என்று பெயர் பூண்டு மறவர் சீமையில் உழைத்தார். இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி குடும்பத்தைச் சேர்ந்த தடியத்தேவர் நோய் நீங்கித் திருமுழுக்குக் கேட்டபோது, ஒரு மனைவியோடு மட்டும் வாழ வேண்டும் என்பது நிபந்தனையாயிற்று. விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி மன்னர் கிழவன் சேதுபதிக்கு உறவுப்பெண். அவள் அரண்மனைக்குப் போய் முறையிட்டாள். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது. 1947இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார்.

திருமுழுக்கு யோவானின் தலையைக் கேட்ட ஏரோதியாளோடு அந்தப் பெண்ணை ஒப்பிட்டுப் பேசுவது நம்மிடையே மரபாகிவிட்டது. எனக்கு அது உடன்பாடில்லை. ஏரோதியாள் முறையற்ற உறவைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தவள். இவளோ தன் குலத்து வழக்கப்படி முறையாகத் தாலி கட்டி வந்தவள், தான் செய்யாத குற்றத்துக்காக ஒரே நாளில் நிலை இழந்தவள். அருளானந்தரின் உறுதியை மதிக்கிறவர்களும் அவள் பக்கத்து நியாயத்தை ஒரு நிமிடம் நின்று கேட்கலாம்.

ஒரு மனைவி என்ற போதனை பிற்காலத்தில் நம் பகுதிப் பெண்களுக்குப் பெரும் பாதுகாப்பாயிற்று என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இரண்டாம் தாரம் தேடிய கணவனைப் பங்குத்தந்தையிடம் இழுத்துச் சென்று நிறுத்தும் துணிவு கத்தோலிக்கப் பெண்களுக்கு அதிலிருந்தே வந்தது. முதல் தலைமுறையில் அதற்கான விலையைக் கொடுத்தவர்களும் பெண்களே. இதைத் திருச்சபையே பின்னாளில் உணர்ந்துகொண்டது போலத் தோன்றுகிறது: பல மனைவியர் உள்ள ஒருவர் திருமுழுக்குப் பெற்று ஒருத்தியை மட்டும் வைத்துக்கொள்ளும்போது, விலக்கப்படும் மற்றவர்களின் தேவைகள் நீதிப்படியும் அன்புநெறிப்படியும் நிறைவேற்றப்படுவதை ஆயர் உறுதிசெய்ய வேண்டும் என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1148ஆம் விதி சொல்கிறது. அருளானந்தரின் இரத்தத்தால் சிவந்ததாக நம்பப்படும் ஓரியூர் செம்மண்ணை முடிந்துகொண்டு வீடு திரும்புகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்த விதி தெரியும்?

கேள்வி: அத்தை மகளைக் கட்டிக்கொள்ள நான் ஏன் ஆயரிடம் அனுமதி வாங்க வேண்டும்? அது நம் உரிமை இல்லையா? — வாசகர், பாம்பன்

பதில்: தமிழ் வழக்கில் அது உரிமை, திருச்சபைக் கணக்கில் அவள் நான்காம் படி உறவு, ஆகவே தடை. ஆனால் விலக்கு அளிக்கக்கூடிய தடை என்பதால், பங்குத்தந்தை வழியாக மனுக் கொடுத்தால் மறைமாவட்டத்திலிருந்து அனுமதி வரும். இதில் வழக்கம் சட்டத்துக்கும் சட்டம் வழக்கத்துக்கும் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கின்றன. மருத்துவரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: சீதனம் வாங்குவது பாவம் என்று திருச்சபை ஏன் வெளிப்படையாகச் சொல்வதில்லை? — வாசகி, மூக்கையூர்

பதில்: சொல்லியிருக்கிறது, கேட்கத்தான் ஆளில்லை. நாட்டின் சட்டமும் 1961லேயே அதைக் குற்றமாக்கிவிட்டது. ஆனால் திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்கும்போது, மணமக்களுக்கு இடையே தடை ஏதும் இருப்பதை அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று கேட்கிறார்களே, அந்தத் தடைகளின் பட்டியலில் சீதனம் இல்லை. உறவு முறை தடை, ஏற்கெனவே உள்ள திருமணக் கட்டு தடை, வற்புறுத்தலால் தந்த சம்மதம் செல்லாது. பெண்ணின் சம்மதத்தைத் தீரக் கேட்கிறவர்கள், அவளுடைய தகப்பன் எந்த நெருக்கடியில் சம்மதித்தார் என்று கேட்பதில்லை. கத்தோலிக்க வாழ்வு ஆழ வேரூன்றிய கடற்கரை ஊர்களிலேயே சீதனம் கூடுதலாக இருப்பதை நானே கண்டிருக்கிறேன்.

மூன்று ஓலையும் வாசித்து முடித்த பிறகு, ஐந்து பவுன் குறைகிறது என்று மாப்பிள்ளை வீட்டார் முகம் திருப்பிய கல்யாணம் ஒன்று எனக்குத் தெரியும். பெண்ணின் அப்பா வள்ளத்து என்ஜினைக் கழற்றி விற்று அந்த ஐந்து பவுனை வைத்தார். கல்யாணம் குறித்த நாளில், குறித்த பூசையில், பாடகர் குழுவோடு நடந்தது. அடுத்த வாரத்திலிருந்து அவர் வேறொருவர் வள்ளத்தில் கூலிக்கு ஏறினார், ஞாயிறு தவிர.