அந்த மெழுகுக் கட்டி எங்கே இருக்கிறது?

வாசகர் கேள்விகளுக்கு ஒரு பத்தாலஜி டாக்டரின் பதில்கள்

கேள்வி: டாக்டரம்மா, என் அம்மாவுக்கு 57 வயது. பீடி, சிகரெட் வாடையே எங்கள் வீட்டில் கிடையாது. விடாத இருமலுக்கு, எக்ஸ்ரேயில் நிழல் தெரிகிறது என்று முதலில் டிபி மாத்திரை கொடுத்தார்கள். கேட்கவில்லை. கோயமுத்தூரில் ஊசி வைத்துச் சதை எடுத்துப் பார்த்தபோது நுரையீரல் புற்றுநோய், அடினோகார்சினோமா, நாலாவது கட்டம் என்று வந்துவிட்டது. இப்போது ஜீன் டெஸ்ட் எடுக்க வேண்டுமாம். 30,000 ரூபாய்க்கு மேல் ஆகும், ரிசல்ட் வர இரண்டு மூன்று வாரம் பிடிக்கும் என்கிறார்கள். ‘முத்தூரில் ஒரு அம்மா வெறும் மாத்திரையிலேயே நடமாடுகிறார், அதையே வாங்கிக் கொடுத்தால் போச்சு, டெஸ்ட் எதற்கு’ என்கிறார் எங்கள் மாமன். அதோடு, தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஜீன் கோளாறு என்றால் எங்களுக்கும் வருமா?
– பெயர் வேண்டாம், வெள்ளகோவில்

பதில்: கண்ணு, கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். உங்களைத் தூங்கவிடாதது அதுதான் என்று கடிதத்திலேயே தெரிகிறது. இந்த டெஸ்ட் தேடுவது, அம்மாவின் நுரையீரல் செல்களில் இடையில் உண்டான மாற்றத்தை. அம்மிச்சியிடமிருந்து அவருக்கு வந்ததும் இல்லை, அவரிடமிருந்து உங்களுக்கு வருவதும் இல்லை. பரம்பரையாக வரும் குடும்பங்கள் மிக மிக அபூர்வம். தங்கைக்குத் தாராளமாக வரன் பாருங்கள். ஜாதகத்தோடு சேர்த்துக் கொடுக்கவேண்டிய ரிப்போர்ட் இல்லை இது.

இனி மாமன். அவர் சொல்வதில் பாதி நிஜம். முத்தூர் அம்மாவின் கட்டியில் ஈஜிஎஃப்ஆர் என்ற ஜீனில் மாற்றம் இருந்திருக்கும். நுரையீரல் புற்றுக்கான ஜெஃபிடினிப் மாத்திரை சிலருக்கு மட்டும் ஏன் அப்படிக் கேட்கிறது என்று தெரியாமல் இருந்தார்கள். இந்த மாற்றம்தான் காரணம் என்று 2004-ல் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். புகைபிடிக்காத பெண்களுக்கு, அதுவும் நம் ஆசியப் பெண்களுக்கு, இது கூடுதலாகவே காணப்படுகிறது. சரி, அப்படியானால் அம்மாவுக்கும் இருக்கும் என்று மாத்திரையை ஆரம்பித்துவிடலாமே?

அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். சீனா, ஜப்பான், தாய்லாந்து முதலிய நாடுகளில் நடந்து 2009-ல் வெளியான ஆய்வு அது. மாமன் கணக்குப்படியேதான் ஆள் எடுத்தார்கள்: அடினோகார்சினோமா, புகைபிடிக்காதவர்கள் அல்லது கொஞ்சம் பிடித்து விட்டவர்கள். பாதிப் பேருக்கு ஜெஃபிடினிப், பாதிப் பேருக்கு கீமோ. ஈஜிஎஃப்ஆர் மாற்றம் இருந்தவர்களுக்கு மாத்திரை நோயைச் சராசரியாக 9.5 மாதம் அடக்கி வைத்தது, கீமோ 6.3 மாதம். மாற்றம் இல்லாதவர்களுக்கோ மாத்திரையில் 1.5 மாதம்தான் தாங்கியது, கீமோவில் 5.5 மாதம். மாமனிடம் அந்த ஒன்றரை மாதத்தைச் சொல்லுங்கள். ஆளைப் பார்த்தால் ஒரே மாதிரி இருந்தார்கள், கட்டிக்குள்தான் வேறாக இருந்தார்கள்.

தவிர, ஈஜிஎஃப்ஆர் ஒன்றே கதை இல்லை. ஏஎல்கே, ராஸ்-1, ரெட், பிராஃப் என்று வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மாத்திரை வேறு. ஒவ்வொரு ஜீனாகத் தேடிக்கொண்டே போனால் எடுத்த சதை பாதி வழியிலேயே தீர்ந்துவிடும். அதனால்தான் என்ஜிஎஸ் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படித்துவிடுகிறார்கள். உங்களிடம் கேட்கிற பணம் அதற்குத்தான்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். அந்த மெழுகுக் கட்டி எங்கே இருக்கிறது? சதை எடுத்தார்கள் என்றீர்களே, அது சேமியா இழை தடிமனில், ஒன்று ஒன்றரை சென்டிமீட்டர் நீளத்தில் சில துண்டுகள்தான். அதை ஃபார்மலினில் போட்டு, பிறகு பாரஃபின் மெழுகில் பதித்து, கட்டைவிரல் அகலப் பிளாஸ்டிக் கூட்டில் வைத்திருப்பார்கள். லேபில் ‘பிளாக்’ என்போம். அதிலிருந்து நாலைந்து மைக்ரான் கனத்தில் சீவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறோம். புற்று செல்கள் நெருக்கமாக இருக்கிற இடத்தைக் கண்ணாடியில் பேனாவால் வட்டமிட்டுக் கொடுப்பது என்னைப் போன்றவர்களின் வேலை. அந்த இடத்துச் சதையைச் சுரண்டித்தான் ஜீன் லேபில் டிஎன்ஏ பிரிப்பார்கள். வட்டத்துக்குள் நல்ல செல்களே அதிகம் இருந்தால், மாற்றம் இருந்தும் தெரியாமல் போகும்.

எங்கள் ஆட்களைப் பற்றியும் ஒரு குறை சொல்லிவிடுகிறேன். தேவையில்லாத சாயங்களுக்கு எல்லாம் பிளாக்கைச் சீவிச் சீவி, கடைசியில் ஜீன் லேபுக்கு வெறும் மெழுகை அனுப்புகிறவர்கள் உண்டு. ‘அளவு போதாது’ என்று ரிப்போர்ட் வரும். நோயாளி மறுபடியும் ஊசிக்குப் படுக்க வேண்டும். அதனால் இன்றே போய் ‘பிளாக்கில் சதை மிச்சம் இருக்கிறதா’ என்று கேளுங்கள். வேறு லேபுக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். வாங்கினால் கைப்பையில் வையுங்கள். சித்திரை வெயிலில் கார் கண்ணாடி ஓரம் வைத்துவிட்டுப் போனால் மெழுகு இளகிவிடும்.

நெஞ்சில் நீர் கோத்து அதை எடுத்தார்கள் என்றால், அந்த நீரையும் கொட்டவிடாதீர்கள். அதில் புற்று செல்கள் இருந்தால் அதிலேயே இந்த டெஸ்ட்டைச் செய்யலாம்.

மூன்று வாரம் காத்திருக்க முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் கீமோவைத் தொடங்கலாம், தப்பில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியைப் புற்றுக்கு எதிராகத் தூண்டிவிடும் இம்யூனோதெரபியை மட்டும் ரிப்போர்ட் வரும்வரை சேர்க்க வேண்டாமே என்று டாக்டரிடம் கேளுங்கள். அதைப் போட்ட கையோடு, ஈஜிஎஃப்ஆர் மாற்றத்துக்கான இன்னொரு மருந்தான ஆசிமெர்டினிப் மாத்திரைக்கு மாறினால் நுரையீரல் அழற்சி வரும் ஆபத்து கூடுகிறது. பணத்துக்கு, மாத்திரைக்கோ டெஸ்ட்டுக்கோ ஏதாவது கிடைக்குமா என்று ஆஸ்பத்திரியில் உள்ள முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட மேசையில் விசாரியுங்கள். மருந்துக் கம்பெனிகளின் உதவித் திட்டங்களும் இருக்கின்றன. டாக்டர்களாகச் சொல்லாவிட்டால் நாம்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: ஊசி வைத்துச் சதை எடுக்காமல் ரத்தத்திலேயே ஜீன் டெஸ்ட் பார்க்கலாமாமே? – திருப்பூர் வாசகர்

பதில்: பார்க்கலாம். கட்டி உதிர்க்கும் டிஎன்ஏ ரத்தத்தில் மிதக்கும். அதற்கென்று உள்ள தனிக் குழாயில் ரத்தம் எடுப்பார்கள். சீக்கிரமும் வந்துவிடும். மாற்றம் இருக்கிறது என்று வந்தால் நம்பி மாத்திரை தொடங்கலாம். இல்லை என்று வந்தால் நம்பக்கூடாது; அந்தக் கட்டி டிஎன்ஏவைச் சரியாக உதிர்க்கவில்லை என்றுகூட இருக்கலாம். அப்போது சதைதான் கதி. முதல்முறையாக நோயைக் கண்டுபிடிக்கவும் சதைதான்.

கேள்வி: அப்பாவுக்கு ஜெஃபிடினிப் நன்றாகக் கேட்டது. இப்போது கட்டி மறுபடி வளர்கிறது. திரும்பவும் ஜீன் டெஸ்ட் என்கிறார்கள். ஒருமுறை பார்த்தது போதாதா? – கோபிசெட்டிபாளையம்

பதில்: போதாதுங்க. அப்போது பார்த்தது அப்போதிருந்த கட்டியை. இந்த மாத்திரைக்குக் கட்டுப்பட்டு இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு டி790எம் என்ற புதிய மாற்றம் அதே ஜீனில் முளைத்து, மருந்து ஒட்டாமல் செய்துவிடுகிறது. அது இருந்தால் ஆசிமெர்டினிப் கேட்கும். முதலில் ரத்தத்தில் பாருங்கள். அதில் தெரியவில்லை என்றால் ஊசிக்குச் சம்மதியுங்கள். சிலருக்கு அடினோகார்சினோமாவே சின்ன செல் புற்று என்ற வேறு வகை நுரையீரல் புற்றாக உருமாறிவிடும். அதை மைக்ராஸ்கோப்பில் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதற்கு மாத்திரையும் இல்லை, வேறு கீமோ.